சங்கீதம் 45:6 – ராஜாவையே "தேவனே" என்று கூப்பிட்டிருக்கிறார்களா?

#1 தாமிரபரணி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையில் ஞாயிறு சாயங்காலம் வாலிபப் பிள்ளைகளோடு சங்கீதங்களை வரிசையாகப் படித்து வருகிறோம். போன வாரம் 45 வந்தது. அது ஒரு ராஜாவின் கல்யாணப் பாட்டு. ராஜாவைப் பற்றி நான் கட்டின கவி இது, என் நாவு எழுத்தாணி மாதிரி ஓடுகிறது என்று பாடுகிறவர் ஆரம்பிக்கிறார். இடுப்பில் பட்டயம், வெள்ளைப்போளமும் சந்தனமும் இலவங்கமும் மணக்கிற உடுப்பு, தந்த அரண்மனை என்று போகிற பாட்டின் நடுவில் 6-ஆம் வசனம்: "தேவனே, உமது சிங்காசனம் என்றென்றைக்குமுள்ளது."

பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, மேலேயும் கீழேயும் ராஜாகிட்டதான் பேசுறாங்க. நடுவுல ஒரு வரி மட்டும் எப்படி கடவுள்கிட்டப் போகும்? அப்ப ராஜாவைத்தான் தேவனேன்னு கூப்பிடுறாங்களா?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. இது இயேசுவைக் குறித்த தீர்க்கதரிசனம் என்ற பதில் எனக்குத் தெரியும், அதை விசுவாசிக்கவும் செய்கிறேன். அவள் கேட்டது வேறு. அந்தக் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து முதல்முதல் இதைக் கேட்டவர்கள் காதில் என்ன விழுந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 களிமண் பலகை

சகோதரி, அந்தப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். எபிரெயத்தில் "கிஸ்அகா எலோஹீம்". நேராகப் படித்தால் "உம் சிங்காசனம், தேவனே" என்றுதான் வரும். சிலர் "உம் சிங்காசனம் தேவனுடையது" என்று திருப்பிப் படிக்கிறார்கள். ராஜாவைத் தேவன் என்று கூப்பிட்டதைச் சீரணிக்க முடியாமல்தான் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பது என் எண்ணம். மோசேயைப் பார்த்தே "உன்னைப் பார்வோனுக்குத் தேவனாக்கினேன்" என்று யாத்திராகமம் 7:1 சொல்கிறதே. எலோஹீம் என்ற சொல்லுக்கு நாம் நினைப்பதைவிட விரிவான பொருள் உண்டு.

ஆனால் சுற்றியிருந்த தேசங்களைப் பார்க்காமல் இதை அளக்க முடியாது. எகிப்தில் பார்வோன் பிறப்பாலேயே தெய்வமகன். ஹட்செப்சுட் ராணி டேர் எல் பஹ்ரியில் கட்டின கோயில் சுவரில், ஆமோன் தேவன் அவள் தாயிடம் வந்த காட்சியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். மெசொப்பொத்தாமியாவில் அப்படி இல்லை. அக்காத் ராஜா நாராம்சின், கி.மு. 23-ஆம் நூற்றாண்டில், தன் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் போன்ற ஒரு குறியைச் சேர்த்து எழுத வைத்தார். தேவர்களின் பெயருக்கு முன்னால் மட்டும் போடுகிற குறி அது. பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய வெற்றிக்கல்லில் தலையில் கொம்பு வைத்த கிரீடம் இருக்கும். கொம்புக் கிரீடமும் தேவர்களுக்கே உரியது. "ஊர்" என்ற பெயருள்ள நகரத்து ராஜாக்கள் சிலரும் அந்த வழியில் போனார்கள். பிறகு அந்தப் பழக்கம் தேய்ந்துபோயிற்று. பாபிலோன் ராஜா ஹம்முராபியின் சட்டக்கல்லும் அதே லூவரில்தான் இருக்கிறது, இரண்டேகால் மீட்டர் உயரம். அதன் உச்சியில் சூரியதேவன் ஷமாஷ் உட்கார்ந்திருக்க, ராஜா எதிரே நின்றுகொண்டிருக்கிறார். உட்கார்ந்திருப்பவர் யார், நிற்பவர் யார் என்று பார்த்தாலே போதும்.

இஸ்ரவேல் எங்கே நிற்கிறது? சங்கீதம் 2:7 படியுங்கள். "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்." அந்த "இன்று" என்ற ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. எகிப்து ராஜா கருவிலேயே தெய்வமகன். தாவீது வீட்டு ராஜா முடிசூட்டின அன்றைக்குத்தான் மகன் ஆகிறார். நேற்றுவரை அவர் மகன் இல்லை. அதாவது சுவீகாரம் எடுக்கிற பேச்சு அது.

45-க்கு வந்தால், அடுத்த வசனத்தையும் அந்தப் பெண்ணுக்குக் காட்டுங்கள். "தேவனே, உம்முடைய தேவன்" உம்மை அபிஷேகம்பண்ணினார் என்று இருக்கிறது. தேவன் என்று அழைக்கப்படுகிறவருக்கும் மேலே ஒரு தேவன் இருக்கிறார்.

#3 ஒலிவக்கன்று

மன்னிக்கவும், எனக்கு இதில் சம்மதமில்லை. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 1:8 இந்த வசனத்தைக் குமாரனாகிய இயேசுவுக்கு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நாராம்சினும் ஹம்முராபியும் எதற்கு? வாலிபப் பிள்ளைகளிடம் புறஜாதி ராஜாக்களின் கதையைச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். ஏசாயா 9:6 "வல்லமையுள்ள தேவன், நித்திய பிதா" என்கிறது. எந்த மனுஷ ராஜாவுக்கு அது பொருந்தும்?

#4 களிமண் பலகை

ஒலிவக்கன்று ஐயா, உங்கள் விசுவாசத்தை நான் அசைக்க வரவில்லை. ஏசாயா 9:6-ஐ நீங்களே எடுத்ததால் ஒன்று சொல்கிறேன். பார்வோன் பட்டம் ஏற்கும்போது அவருக்கு ஐந்து பெயர் சூட்டுவார்கள். அந்த வழக்கத்தை மனதில் வைத்துத்தான் ஏசாயா 9-இல் உள்ள பெயர் வரிசை எழுந்தது என்று ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்டு ஃபொன் ராட் 1947-இல் வாதாடினார். நம் தமிழ் வேதாகமத்தில் எண்ணினால் சரியாக ஐந்து வரும். எபிரெயத்தில் இரண்டிரண்டு சொல்லாகச் சேர்த்தால் நான்குதான் தேறும், அங்கேதான் அவருடைய வாதத்துக்கு இடறல். முழுதாக ஏற்கவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எருசலேம் அரண்மனையில் ராஜாவைப் பற்றி இவ்வளவு உயரமாகப் பேசும் ஒரு பாஷை புழக்கத்தில் இருந்தது, அதை மறுக்க முடியாது. சாலொமோன் "கர்த்தருடைய சிங்காசனத்தில்" உட்கார்ந்தான் என்றே 1 நாளாகமம் 29:23 எழுதுகிறது. எபிரெயருக்கு எழுதினவர் கையில் எடுத்ததும் இந்தப் பாஷையைத்தான்.

#5 ஏர்முனை

நான் விவசாயி. வேதாகமத்தை வேறு பக்கமிருந்து பார்க்கிறவன். அரண்மனைப் பாட்டை வைத்தே எல்லாரும் பேசுகிறீர்கள், வரி கட்டினவன் என்ன சொன்னான் என்று யாரும் எடுக்கவில்லை.

1 சாமுவேல் 8-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். மூப்பர்கள் ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். சாமுவேல் பதிலுக்குத் தத்துவம் பேசவில்லை, பட்டியல் போடுகிறார். உங்கள் மகன்களைத் தேர் ஓட்டவும் தேருக்கு முன்னால் ஓடவும் எடுத்துக்கொள்வான். தன் நிலத்தை உழவும் விளைச்சலை அறுக்கவும் வைப்பான். பெண்பிள்ளைகளைப் பரிமளத்தைலம் கூட்டவும் சமையல் பண்ணவும் அப்பம் சுடவும் கொண்டுபோவான். நல்ல வயலும் திராட்சத்தோட்டமும் ஒலிவத்தோப்பும் அவன் ஆட்களுக்குப் போகும். விளைச்சலிலும் ஆட்டிலும் பத்தில் ஒன்று. "எடுத்துக்கொள்ளுவான்" என்று வசனத்துக்கு வசனம் வருகிறது. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறவனைப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சொல் எங்கே தைக்கும் என்று தெரியும்.

அதே இடத்தில் கர்த்தர் சாமுவேலிடம், அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, என்னைத்தான் தள்ளினார்கள் என்கிறார். ராஜா கேட்பதே கடவுளைத் தள்ளுவது. இதைவிடக் கடுமையாக யார் சொல்ல முடியும்?

நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் கெரிசீம் மலைமேல் ஏறி நின்று கத்துகிற கதையும் அப்படித்தான். மரங்கள் ராஜா தேடிப் போகின்றன. ஒலிவமரம் என் கொழுமையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறது, அத்திமரம் என் இனிமையை விடமாட்டேன் என்கிறது, திராட்சக்கொடியும் மறுக்கிறது. கடைசியில் முட்செடி மட்டும், வாருங்கள், என் நிழலில் ஒதுங்குங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? ஆடு மேய்க்கப் போனவர்களுக்குத் தெரியும்.

அதற்காக வேதாகமம் முழுக்க ராஜாவை வேண்டாம் என்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நியாயாதிபதிகளின் கடைசி வசனம், அந்நாட்களில் ராஜா இல்லை, அவனவன் தன் பார்வைக்குச் சரிப்பட்டதைச் செய்தான் என்று பெருமூச்சு விடுகிறது. சாமுவேல் 8 முடிந்து 9 தொடங்கினால், கழுதை தேடி வந்த சவுலை அதே கர்த்தரே தேர்ந்தெடுக்கிறார். வேண்டும் என்றவன் குரலும் வேண்டாம் என்றவன் குரலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றை மற்றொன்று விழுங்காமல் இரண்டையும் வைத்தார்களே, எனக்கு அதுதான் பெரிது.

#6 முத்துக்குளி

ஏர்முனை அண்ணன் யோதாமைச் சொன்னதால் அவன் அப்பா கிதியோனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் எங்களை ஆளும் என்று கேட்டபோது, நானும் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவார் என்றார். நாங்கள் கத்தோலிக்கர், "ஆண்டவர்" என்போம். ஆண்டவர்தான் ஆள வேண்டும் என்று சொல்லும்போது தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே அரசாட்சி உட்கார்ந்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

ஆனால் அதோடு நிறுத்தாமல் அடுத்த வசனங்களையும் படிக்க வேண்டும். ஆளமாட்டேன் என்ற அதே மனிதர், கொள்ளையில் வந்த கடுக்கன்களைக் கேட்டு வாங்குகிறார். 1,700 சேக்கல் பொன். அதில் ஒரு ஏபோத்தை (ஆசாரிய உடுப்பு) பண்ணித் தன் ஊரில் வைக்கிறார், அது அவர் வீட்டுக்கே கண்ணியாகிறது. பிறந்த மகன் ஒருவனுக்கு அபிமெலேக்கு என்று பெயர். அர்த்தம் "என் தகப்பன் ராஜா."

இன்னொன்று. எபிரெயத்தில் "ஹேகால்" என்றால் அரண்மனையும் உண்டு, ஆலயமும் உண்டு. ஆகாபின் அரண்மனைக்கும் அதே சொல், சீலோவில் சாமுவேல் படுத்திருந்த ஆலயத்துக்கும் அதே சொல். சுமேரிய மொழியில் "பெரிய வீடு" என்பதிலிருந்து வந்தது. கோயில் என்ற சொல்லை வைத்திருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

#7 தாமிரபரணி

எல்லாருக்கும் நன்றி. ஒலிவக்கன்று ஐயா, நீங்கள் சொன்னதையும் பிள்ளைகளிடம் சொல்வேன். எபிரெயர் நிருபத்தைத் தொடாமல் முடிக்கமாட்டேன்.

களிமண் பலகை அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மெசொப்பொத்தாமியாவில் ராஜா தெய்வம் இல்லை என்றால், இஸ்ரவேலுக்கும் அவர்களுக்கும் என்னதான் வித்தியாசம்? பாபிலோன் ராஜாவும் தேவனுக்குக் கீழேதானே?

#8 களிமண் பலகை

நல்ல கேள்வி. பாபிலோனில் நிசான் மாதத்தில் வருஷப்பிறப்புத் திருவிழா, பெயர் அகிட்டு. அதன் ஐந்தாம் நாள் சடங்கை விவரிக்கிற பலகைகள் கிடைத்திருக்கின்றன. அவை பிற்காலத்தவை, கிரேக்கர் ஆட்சிக் காலத்தில் எழுதினவை. ராஜா பாபிலோனின் பெரிய தேவனான மர்துக்கின் கோயிலுக்குள் போகிறார். பூசாரி அவருடைய செங்கோலையும் மோதிரத்தையும் வாங்கி வைத்துவிட்டு, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விடுகிறார். காதைப் பிடித்து இழுத்துவந்து முழந்தாளிட வைக்கிறார். ராஜா சொல்கிறார்: நான் பாவம் செய்யவில்லை, உம்முடைய தேவத்துவத்தை அசட்டை செய்யவில்லை, பாபிலோனைப் பாழாக்கவில்லை. செங்கோல் திரும்பக் கிடைக்கிறது. மறுபடி ஒரு அறை. கண்ணில் தண்ணீர் வந்தால் தேவன் மகிழ்ந்தார் என்று அர்த்தம், வராவிட்டால் சத்துரு வருவான்.

இதன் பக்கத்தில் 2 சாமுவேல் 12-ஐ வையுங்கள். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் வருகிறார். திருவிழா இல்லை, தேதி குறிக்கவில்லை. ஏழை ஒருவன் மடியில் படுக்க வைத்து வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்கிறார். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. "நீயே அந்த மனுஷன்." பாபிலோன் ராஜாவுக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று சடங்கே எழுதிக் கொடுத்திருக்கிறது: நான் பாவம் செய்யவில்லை. தாவீது சொன்னது: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்."

#9 ஏர்முனை

அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் போல இருக்கிறது. நாபோத்தையும் விட்டுவிடாதீர்கள். யெஸ்ரயேலில் அரண்மனைக்கு அடுத்த திராட்சத்தோட்டம். வேறு தோட்டமோ பணமோ தருகிறேன் என்று ராஜா ஆகாபே நாபோத்திடம் விலை பேசுகிறார். அப்பன் பாட்டன் சொத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் சொல்கிறான். ராஜா என்ன செய்தார்? கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். சும்மா பிடுங்க அவரால் முடியவில்லை. அவர் மனைவி, சீதோன் ராஜாவின் மகள் யேசபேலுக்குத்தான் அது விளங்கவில்லை, நீர் இப்போது இஸ்ரவேலின்மேல் ராஜ்யபாரம் பண்ணுகிறவர் அல்லவா என்று கேட்கிறாள். அப்புறம் நடந்த பொய்ச்சாட்சியும் கல்லெறியும் எல்லாருக்கும் தெரியும். அதற்கும் எலியா என்று ஒரு தீர்க்கதரிசி வந்து நின்றார்.

#10 தாமிரபரணி

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி 2 சாமுவேல் 7-ஐத் திரும்பத் திறந்தேன். தாவீதின் வீட்டுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். "நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன், அவன் எனக்குக் குமாரனாயிருப்பான்." இதை எத்தனையோ தடவை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதே வசனத்தின் மறுபாதி என் கண்ணில் தங்கினதே இல்லை. அவன் அக்கிரமம் செய்தால் "மனுஷருடைய மிலாற்றினாலும்" அவனைத் தண்டிப்பேன்.

மிலாறு. எங்கள் ஊரில் புளிய மிலாறு என்றால் சின்னப் பிள்ளைகளுக்குக் குலை நடுங்கும். அப்பா அதை வாசல் நிலைக்கு மேலே செருகி வைத்திருப்பார். இலையை உருவிவிட்டால் மெல்லிசாக, வளைந்து கொடுக்கும், ஒடியாது. காற்றில் வீசினாலே "சுர்" என்று ஒரு சத்தம் வரும். அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன சேட்டை பண்ணினாலும் அப்பா அதை எடுக்கமாட்டார். எங்களுக்கு மட்டும்தான்.

பார்வோன் தெய்வமகன் என்றால் அவனை யாரும் தொட முடியாது என்று அர்த்தம். இங்கே மகன் என்பதே அடி வாங்குகிற உறவு. ராஜாவைத் தேவகுமாரன் என்று அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்த அதே வசனத்தில் மிலாற்றையும் செருகி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லப்போகிற பதில் இதுதான்: ஆமா, ராஜாவைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள், ஆனால் அந்த மகனுக்கு அடிக்கிற அப்பா ஒருவர் இருந்தார்.

#11 ஒலிவக்கன்று

சகோதரி, மிலாறு என் மனதைத் தொட்டது. முதலில் சம்மதமில்லை என்று எழுதினேன், இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். உபாகமம் 17-ஐயும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிதமிஞ்சிச் சேர்க்கக்கூடாது. நியாயப்பிரமாணத்தின் நகலைத் தனக்காக எழுதி வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க வாசிக்கவேண்டும், தன் சகோதரர்மேல் அவன் இருதயம் உயரக்கூடாது. மூன்று "கூடாது"வையும் சாலொமோன் வரிசையாக மீறினதை 1 இராஜாக்கள் 10-லும் 11-லும் காணலாம்.

#12 முத்துக்குளி

இந்தப் பாதியைப் பிற்கால ராஜாக்கள் படிக்கவே விரும்பவில்லை. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1610-இல் பாராளுமன்றத்தில், ராஜாக்கள் தேவர்கள் என்று கடவுளே அழைத்திருக்கிறார் என்று பேசினார். 2023-இல் மூன்றாம் சார்லஸுக்குப் பூசின தைலம்கூட எருசலேம் ஒலிவமலையின் ஒலிவக்காயிலிருந்து எடுத்ததுதான். கீகோன் ஊற்றண்டையில் ஆசாரியன் சாதோக்கு சாலொமோனுக்கு ஊற்றின தைலத்தை இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். சாதோக்கோடு நாத்தானும் அங்கே இருந்தார்; ராஜாவைப் பார்த்து "நீயே அந்த மனுஷன்" என்ற அவருடைய குரல் மட்டும் இவர்கள் நினைவில் இல்லை.

#13 களிமண் பலகை

கடைசியாக ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறேன், படம் கிடைத்தால் வகுப்பில் காட்டுங்கள்.

உசியா ராஜா 52 வருஷம் ஆண்டவர். கோபுரம் கட்டினார், துரவு வெட்டினார், வேளாண்மைப் பிரியர் என்று 2 நாளாகமம் 26 சொல்கிறது (ஏர்முனைக்குப் பிடிக்கும்). பலத்தபோது மனம் மேட்டிமையாகித் தூபம் காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தார். ஆசாரியன் அசரியாவும் இன்னும் எண்பது ஆசாரியரும் எதிரே நின்று, இது உமக்கு அடுத்ததல்ல என்றார்கள். எகிப்தில் ராஜாதான் எல்லாக் கோயிலுக்கும் தலைமை ஆசாரியன். சங்கீதம் 110 தாவீது வீட்டு ராஜாவையும் மெல்கிசேதேக்கு முறையில் ஆசாரியன் என்கிறது. தாவீதின் குமாரரைப் பற்றி 2 சாமுவேல் 8:18-இல் எபிரெயம் "கோஹனிம்", அதாவது ஆசாரியர் என்றே எழுதியிருக்கிறது, நம் பழைய மொழிபெயர்ப்பு "பிரதானிகள்" ஆக்கிவிட்டது. ஆக, ராஜா தூபகலசத்தைத் தொடலாமா என்பது அங்கே உண்மையான வழக்கு. உசியாவின் நெற்றியில் குஷ்டம் எழும்பிற்று, சாகுமட்டும் தனி வீட்டில் இருந்தார்.

1931-இல் எலயாசர் சுக்கெனிக் என்ற ஆய்வாளர் ஒலிவமலையில் ருஷ்ய மடத்தின் சேகரிப்பில் ஒரு கல்பலகையைக் கண்டார். அராமிய எழுத்து, உசியா செத்துப் பல நூற்றாண்டு கழித்து வெட்டினது. எலும்புகளை இடம் மாற்றினபோது வைத்திருக்கிறார்கள். "யூதாவின் ராஜாவாகிய உசியாவின் எலும்புகள் இங்கே கொண்டுவரப்பட்டன. திறக்காதே." அவ்வளவுதான் வாசகம்.

இப்போது ஏசாயா 6-ஐத் திறங்கள். "உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்" என்று தொடங்குகிறது. உயரமான சிங்காசனத்தில் ஒருவர் வீற்றிருக்கிறதை ஏசாயா காண்கிறார். அவர் வாயில் வருகிற சொல், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன் என்பது. குஷ்டரோகி வாயை மூடிக்கொண்டு தீட்டு, தீட்டு என்று கத்தவேண்டும் என்பது லேவியராகமத்துச் சட்டம். செத்துப்போன ராஜாவின் நோயை ஏசாயா தன் உதட்டில் உணர்ந்ததாக எனக்குப் படுகிறது. உடனே அடுத்து, சேனைகளின் கர்த்தராகிய ராஜாவை என் கண்கள் கண்டதே என்கிறார்.

#14 தாமிரபரணி

ஞாயிறு வகுப்பு முடிந்தது. மிலாற்றில் ஆரம்பித்து உசியாவின் கல்லில் முடித்தேன். நாபோத்தின் கதையும் நடுவில் வந்தது. பிள்ளைகள் ஏழு மணி தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கை தூக்கினாள். "அக்கா, 45-இல் தந்த அரண்மனை இருக்கு. 1 இராஜாக்கள் 22:39-இல் ஆகாப் தந்தத்தால் வீடு கட்டினான்னு போட்டிருக்கு. 45-இல் தீரு குமாரத்தின்னும் இருக்கு. யேசபேலும் அந்தப் பக்கத்துக்காரிதானே? அப்ப இது யாரு கல்யாணத்துப் பாட்டு?"

#15 களிமண் பலகை

சகோதரி, அதை 19-ஆம் நூற்றாண்டில் ஹிட்சிக் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதியே வைத்தார், ஆகாப்–யேசபேல் கல்யாணம் என்று. தீரு குமாரத்தி என்பது தீரு நகரத்து ஜனத்தைக் குறிக்கும் வழக்காகவும் இருக்கலாம் என்பதால் பலர் ஏற்கவில்லை. 1930-களில் சமாரியா அரண்மனை மேட்டைத் தோண்டினபோது தந்தச் சிற்பத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. விரல் அகலமுள்ள தாமரை, சிறகுள்ள உருவங்கள். அவளுக்கு அந்தப் படங்களை அனுப்புகிறேன்.